பதினான்கு சீட்டுகள்

பல் டாக்டர்களுக்கு நாற்காலி விற்கிறவளுக்கு வெட்கம் ஆகாது. வாங்கலாமா வேண்டாமா என்று இழுக்கிற டாக்டருக்கு முன்னால் அவளே ஏறிப் படுத்து, விளக்கை இழுத்துவிட்டு, வாயை ஆவென்று திறந்து காட்ட வேண்டும். "பாருங்க சார், கடைவாய் வரைக்கும் வெளிச்சம் போகுதா?" என்று அந்த வாயோடு கேட்கவும் வேண்டும். பதினாறு வருடம் இப்படி வாயைத் திறந்தே சம்பாதித்தவள் அவள். ஊரில் பாதி டாக்டர்களுக்கு அவள் பெயர் தெரியாது; மேல்வரிசையில் எந்தப் பல் அடைத்த பல் என்று தெரியும். நாற்காலியம்மா என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள், அவளும் அதையே வைத்துக்கொண்டாள்.

அந்த நாற்காலியம்மா அன்று காலை வக்கீலம்மாவின் அறையில், ஒரு கால் ஆடுகிற மர நாற்காலியில் உட்கார்ந்து, மூன்று அட்டைப் பெட்டிகளை முறைத்துக்கொண்டிருந்தாள். அவள் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து வந்த பெட்டிகள். பதினான்கு நாற்காலிகள் விற்றதற்கான கமிஷனை அவளுக்கு அவர்கள் தரவில்லை. மூன்று முறை கேட்டாள், பார்க்கலாம் என்றார்கள். நான்காம் முறை கேட்டதும் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். வழக்குப் போட்டாள். விசாரணை தொடங்குவதற்கு முன்னால் இரண்டு தரப்பும் தங்களிடம் இருக்கிற தாள், கடிதம், செய்தி எல்லாவற்றையும் ஒருவருக்கொருவர் காட்டிவிட வேண்டும் என்று கோர்ட்டு உத்தரவு போட்டிருந்தது.

"அவங்களுதை நாம பாக்கணும், நம்மளுதை அவங்க பாக்கணும்," என்றாள் வக்கீலம்மா, பெட்டியின் நாடாவைக் கத்தரியால் கிழித்தபடி. "ஒளிச்சு வெச்சுக் கடைசி நாள்ல எடுத்து வீசறதெல்லாம் சினிமாவுல. அதனாலதான் எங்கிட்ட எதையும் மறைக்காதீங்கன்னு மொத நாளே சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மேடம்," என்றாள் நாற்காலியம்மா. சொன்னதும் ஞாபகம் இருந்தது, தான் மறைத்ததும் ஞாபகம் இருந்தது.

வக்கீலம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். யாரையும் முழுசாக நம்பாத குணம். வீட்டில் அந்தக் குணம் என்ன பாடு படுத்தியதோ தெரியாது, வெளியே அதற்குச் சம்பளம் கிடைத்தது. முதல் பெட்டியில் விலைப்பட்டியல்களும் பில்களும் இருந்தன. வேகமாகப் புரட்டி ஓரமாக வைத்தாள். இரண்டாவது பெட்டியில் இளஞ்சிவப்பு நிறத்தில் கட்டுக்கட்டாகச் சீட்டுகள் இருந்தன. அதில் ஒன்றை எடுத்துப் படித்தவள் இன்னொன்றை எடுத்தாள், பிறகு இன்னொன்றை.

"இது என்ன சீட்டு?"

"மொத விசிட் சீட்டு மேடம்."

ஒரு டாக்டரின் அறைக்கு முதன்முதலாகப் போகிறவர் டேப்பைப் பிடித்து அளக்க வேண்டும். தண்ணீர் எந்தப் பக்கம் வருகிறது, கழிவு எந்தப் பக்கம் போகிறது, காற்றடிக்கிற மோட்டாரை நோயாளிகள் காதுக்கு எட்டாமல் எங்கே வைப்பது, நாற்காலியின் பெட்டி கதவுக்குள் நுழையுமா, எல்லாவற்றையும் அந்தச் சீட்டில் எழுத வேண்டும். மேலே யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் விற்பனையின் கமிஷன். அன்றைய பயணப்படியும் அதே சீட்டுக்குத்தான். அன்றைக்கு அவர் வேலைக்கு வந்தார் என்பதற்கும் அதே சீட்டுதான் சாட்சி. மூன்று காரியத்துக்கு மூன்று புத்தகம் அச்சடித்தால் செலவாகுமே என்று முதலாளி கண்டுபிடித்த சிக்கனம் அது. அந்தக் கஞ்சத்தனம்தான் கடைசியில் நாற்காலியம்மாவின் தலையில் விடிந்தது.

வக்கீலம்மா பதினான்கு சீட்டுகளையும் மேசையில் வரிசையாகப் பரப்பினாள். "நீங்க கமிஷன் கேக்கற பதினாலு நாற்காலிக்கும் சீட்டு இருக்கு. பதினாலுலயும் உங்க பேர் இல்ல. இந்தப் பேர் யாரோடது?"

"எங்க மெக்கானிக் தம்பியோடது."

"எழுத்து?"

வலது பக்கமாகச் சாய்ந்து விழப்போகிற அந்தக் கையெழுத்தை யாருடையது என்று சொல்லி மழுப்புவது? "என்னோடதுதான்," என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அவள் விற்கிற நாற்காலிகளைக் கொண்டுபோய்ப் பூட்டித் தருகிற மெக்கானிக் அவன். ஒரே வேனில் பன்னிரண்டு வருடம் போய் வந்தவர்கள். கூடப் பிறக்காத தம்பி என்று ஊரில் எல்லாரும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை, நிஜமாகவே தம்பியாக இருந்தவன். நான்கு வருடத்துக்கு முன் அவனுடைய மகளுக்கு இடுப்பு எலும்பில் சீழ் பிடித்தது. ஆறு வயதுப் பிள்ளை. எட்டு மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தார்கள், இரண்டு ஆப்பரேஷன். வீட்டில் மனைவியிடம் கைக்குழந்தை இருந்ததால் ஆஸ்பத்திரியில் அவன்தான் இருக்க வேண்டியிருந்தது. லீவெல்லாம் தீர்ந்துபோயிற்று. அப்போதுதான் கேட்டான்: அக்கா, நீங்க போற சீட்டுல எம்பேரைப் போட்டுடறீங்களா?

போட்டாள். அவள் தனியாகப் போய் அளந்தாள், தனியாகப் படுத்து வாயைத் திறந்து காட்டினாள், சீட்டில் அவன் பெயரை எழுதி டாக்டரிடம் கையெழுத்து வாங்கி வந்தாள். அவன் மகளின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தான், சம்பளம் வெட்டுப்படாமல் வந்தது. இப்படி எட்டு மாதத்தில் பதினான்கு முறை.

"கமிஷன் போயிடுமேன்னு தோணலையா?"

"பெரிய முதலாளி இருந்தார் மேடம். டாக்டருங்க யாருக்குப் போன் பண்றாங்கன்னு அவருக்குத் தெரியும். கமிஷனுக்கு அவர் சீட்டப் பாத்ததே இல்ல."

அதுதான் விஷயம். நாற்காலி போய்ச் சேர்ந்ததும் கமிஷன் கைக்கு வராது. டாக்டர் கடைசித் தவணை கட்டி முடித்த பிறகுதான் வரும், அதற்கு மூன்று வருடம் ஆகும். அந்த மூன்று வருடத்தில் பெரிய முதலாளி படுக்கையில் விழுந்தார், அவருடைய மருமகன் வந்து சீட்டில், அதாவது ஆசனத்தில், உட்கார்ந்தான். மனிதர்களைப் பார்க்கத் தெரியாதவன், தாள்களை மட்டும் பார்த்தான்.

"இதை ஏன் மொதல்லயே எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா தம்பி மாட்டிக்குவான் மேடம். வேலைக்கு வராமலே சம்பளம் வாங்குனான்னு ஆயிடும்."

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "சரி. டாக்டர்களக் கூப்பிடலாமா, நீங்கதான் மொதல்ல வந்தீங்கன்னு சொல்ல?"

"சொல்ல மாட்டாங்க மேடம். நாற்காலி கெட்டுப்போனா அந்தக் கம்பெனிதான் வந்து சரிபண்ணணும்." ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்கிற டாக்டர்கள் தங்கள் வாயை மட்டும் திறக்க மாட்டார்கள் என்பது பதினாறு வருடப் பழக்கத்தில் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அப்ப அந்தத் தம்பி ஒருத்தர்தான் இருக்கார். வந்து உண்மையச் சொல்வாரா?"

"சொல்வான்," என்றாள் நாற்காலியம்மா. யோசிக்கக்கூட இல்லை.

வக்கீலம்மா மூன்றாவது பெட்டியைத் திறந்தாள். அதில் சம்பளக் கோப்புகள் இருந்தன. பாதி படிப்பதற்குள் அவள் முகம் மாறியது. ஒரு தாளை உருவி, திருப்பி, நாற்காலியம்மாவின் பக்கமாகத் தள்ளினாள். வாயால் சொல்ல அவளுக்கே மனம் வரவில்லை போலிருக்கிறது.

பதினான்கு நாற்காலிக்கும் கமிஷன் கொடுத்தாகிவிட்டது என்றது அந்தத் தாள். வழக்கமான விகிதத்தில் பாதி. வாங்கிக்கொண்டவர் மெக்கானிக். கீழே அவன் கையெழுத்து, கடைசி எழுத்தின் வாலை ஸ்குரூ மாதிரி மூன்று சுற்றுச் சுற்றி விட்டிருந்தது. நூற்றுக்கணக்கான தாள்களில் அவள் பார்த்த வால் அது. அவள் பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறாள், இத்தனை சுற்று எதுக்குடா என்று கேலியும் செய்திருக்கிறாள்.

"உங்களுக்கு முழுசாக் குடுக்கறதுக்கு பதிலா அவருக்குப் பாதியக் குடுத்து வாய அடைச்சிருக்காங்க," என்றாள் வக்கீலம்மா. "அவரும் வாங்கியிருக்கார்."

நாற்காலியம்மா கையெழுத்தைப் பார்க்கவில்லை. தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை போன மறு வாரம். அந்த வாரம்தான் தம்பி அவள் வீட்டுக்கு வந்து ஒரு கவரை மேசையில் வைத்தான். வக்கீலுக்கு முன்பணம் கட்டுங்கக்கா, மெதுவாத் திருப்பிக் குடுங்க, அவசரமில்ல என்றான். அவள் அழுதுகொண்டே வாங்கிக்கொண்டாள். அந்தப் பணத்தில்தான் இந்த அறையில் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னாள். பஸ் டிப்போவில் முப்பது வருடம் வண்டிகளுக்கு நேரம் குறித்துக் கொடுத்து ஓய்வு பெற்றவர். எதையும் நிதானமாகவே கேட்பார். முழுசும் கேட்டுவிட்டு, "நம்ம காசை நமக்கே கடனாக் குடுத்திருக்கான். வட்டி கேக்கல பாரு, அந்த மட்டும் நல்ல மனுஷன்," என்றார். வேறொரு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். அன்று தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு அழுதாள். பணம் போனதற்கு இவ்வளவு அழுகை வராது என்று அவருக்கும் தெரிந்தது, பேச்சை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அழுது முடித்தபின் அவளுக்கு ஒரு பைத்தியக்கார நம்பிக்கை வந்தது. மருமகன் மிரட்டியிருப்பான். வாங்கிக்கொள், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி விஷயம் வெளியே வரும் என்று சொல்லியிருப்பான். தம்பி பயந்திருப்பான். ஆனால் அவனே வந்து சொல்லிவிடுவான். சொல்லாமல் அவனால் இருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை எப்படியும் வருவான்.

வழக்கைப் பற்றி அவனிடம் பேசவே கூடாது என்று வக்கீலம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். பேசப்போவதில்லை, அவனைப் பேச விடப்போகிறேன், அவ்வளவுதான் என்று நாற்காலியம்மா தனக்குத்தானே சட்டம் பேசிக்கொண்டாள்.

ஞாயிறு பதினொரு மணிக்கு வந்தான். வந்ததும் வராததுமாகச் சமையலறைக் குழாய் சொட்டுவதைக் கவனித்து, பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவனிடம் இது ஒரு பழக்கம், எந்த வீட்டிலும் சும்மா உட்கார மாட்டான். அவள் டீ போட்டாள்.

"பாப்பா எப்படி இருக்கா?"

"ஓடறாக்கா. பள்ளிக்கூடத்துல ஓட்டப்பந்தயத்துல சேந்திருக்கா. கடைசியாத்தான் வர்றா. ஆனா ஓடறா."

அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. இந்த மனிதன் மேல் கோபப்பட வேண்டும் என்பதையே ஒரு நிமிடம் மறந்துபோனாள். "எங்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமா தம்பி?" என்றாள்.

"என்னக்கா சொல்லணும்?"

"இல்ல. மனசுல ஏதாச்சும் இருந்தா."

அவன் குழாயைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு என்னக்கா, உங்களப் பத்தித்தான் கவலை," என்றான். கொஞ்சம் கழித்து, "கம்பெனியிலருந்து பெட்டியெல்லாம் வந்துச்சாமே. ஏதாச்சும் கெடச்சுதா?" என்றான்.

பெட்டி வந்தது அவளுக்கும் வக்கீலம்மாவுக்கும் கணவருக்கும் தெரியும். மற்றபடி அனுப்பியவர்களுக்குத் தெரியும். இவனுக்கு யார் சொன்னது? அவள் டீயை அவனிடம் நீட்டினாள். "நிறைய இருக்கு. இனிமேதான் பாக்கணும்," என்றாள். பொய் சொல்லும்போது தன் குரல் இவ்வளவு சாதாரணமாக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"மெதுவாப் பாருங்க," என்றான் அவன். டீயை உறிஞ்சினான். "அக்கா, உங்க பழைய போன் ஒண்ணு இருந்துச்சே, கண்ணாடி விரிசல் விட்டது. இன்னும் இருக்கா? எனக்குத் தெரிஞ்ச கடையில பழைய போன் எடுக்கறான். குடுங்க, நான் வித்துத் தர்றேன்."

அந்தப் போனை அவள் மறந்தே போயிருந்தாள். அவன் கேட்டிராவிட்டால் அது பீரோவிலேயே கிடந்து மக்கிப்போயிருக்கும். வக்கீலம்மா, செய்திகள் ஏதும் இருக்கிறதா என்று கேட்டபோதுகூட இப்போதிருக்கிற போனை மட்டும்தான் கொடுத்தாள். ஸ்பேனரை ஒரு கையிலும் டீயை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு அவன் காத்திருந்தான், அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. மிரட்டலும் இல்லை, பயமும் இல்லை. இவன் ஒரு வேலையாக வந்திருக்கிறான்.

"அது எங்க கெடக்கோ தம்பி. தேடிப் பாக்கறேன்," என்றாள்.

"தேடி வைங்க. அடுத்த வாரம் வாங்கிக்கறேன்." குழாயைத் திறந்து காட்டினான், ஒரு சொட்டுகூட விழவில்லை. வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது.

அவன் போனதும் பீரோவைக் குடைந்தாள். போன் துணிகளுக்கு அடியில் இருந்தது. சார்ஜ் ஏற அரை மணி நேரம் ஆயிற்று. அவனுக்கு டைப் அடிக்கச் சோம்பல். எதையும் குரலாகத்தான் பேசி அனுப்புவான். அந்த எட்டு மாதத்தில் முப்பத்தோரு செய்தி. அக்கா, நாளைக்கும் எம்பேரைப் போட்டுடுங்க. அக்கா, இன்னிக்கும் தையல் பிரிக்கலையாம். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவள் முதல் ஆப்பரேஷன் நடந்த காலையின் செய்திக்கு வந்ததும் பாதியில் நிறுத்திவிட்டாள். அதில் அவன் அழுதான். ஆண்பிள்ளை ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம் அது.

"இதைக் குடுத்தா ஜெயிச்சுடலாம்ல?" என்றார் கணவர், கதவருகே நின்றபடி.

"ஜெயிச்சுடலாம்."

"அப்புறம் என்ன?"

"இது அழுகைங்க. பெத்தவன் அழுகை. எங்கிட்ட மட்டும் அழுதான். இதை எடுத்துட்டுப் போய் மேசையில வெச்சு வியாபாரம் பண்ணச் சொல்றீங்களா?"

அவள் மூன்று நாள் போனைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். இரண்டு முறை அவனைக் கூப்பிட எண்ணை அழுத்தி, ஒலிப்பதற்குள் நிறுத்தினாள். கூப்பிட்டால் நல்லவிதமாகப் பேசுவான், பாப்பாவைப் பற்றிச் சொல்லுவான், தான் மறுபடியும் மனம் இளகிப்போவோம் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. நான்காம் நாள் காலை அவனே செய்தி அனுப்பினான்: அக்கா, போன் கெடச்சுதா? அன்றைக்கே வக்கீலம்மாவிடம் போனாள்.

வக்கீலம்மா எல்லாவற்றையும் கேட்டாள். ஆப்பரேஷன் காலையின் செய்தியைக் கேட்டு முடித்ததும் எழுந்து போய்ச் சன்னலைத் திறந்துவிட்டு வந்தாள். "இதையும் பட்டியல்ல சேத்து எதிர்த்தரப்புக்கு நகல் அனுப்பணும். அதான் விதி," என்றாள்.

"அப்ப அவனுக்குத் தெரிஞ்சுடும்."

"அவங்க வக்கீலுக்குத் தெரியும். அவர் உங்க தம்பிகிட்ட சொல்வாரா மாட்டாரான்னு அவருக்குத்தான் வெளிச்சம். அவர் கம்பெனிக்கு வக்கீல், உங்க தம்பிக்கு இல்ல."

விசாரணைக்கு முன் சாட்சியைக் கேள்வி கேட்க மூன்று வாரத்தில் நாள் குறித்தார்கள். கோர்ட்டில் அல்ல, ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் வாடகைக்கு விடுகிற கூட்ட அறையில். நீள மேசை, தண்ணீர்ப் பாட்டில்கள், மூலையில் வாடாத பிளாஸ்டிக் செடி. மேசையின் ஒரு முனையில் ஒரு பெண் சின்ன இயந்திரத்தோடு உட்கார்ந்திருந்தாள். அங்கே பேசுகிற ஒவ்வொரு சொல்லையும் டைப் அடித்து எடுத்துக்கொள்வது அவள் வேலை. கம்பெனி வக்கீல் தலை நரைத்தவர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மெக்கானிக் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். நாற்காலியம்மாவைப் பார்த்து லேசாகத் தலையாட்டினான், பஸ்ஸில் தெரிந்தவரைப் பார்த்தால் ஆட்டுகிற மாதிரி. அவன் போன் கேட்டு அனுப்பிய செய்திக்கு அவள் பதில் போடவில்லை, அவனும் அதன் பிறகு வரவில்லை. உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை என்று உறுதிமொழி எடுத்துக்கொண்டான்.

வக்கீலம்மா பதினான்கு சீட்டுகளையும் அவன் முன்னால் வைத்தாள். "இந்தப் பேர் உங்களோடதா?"

"ஆமா."

"எழுத்து யாரோடது?"

"அவங்களோடது." விரலைக்கூட அவள் பக்கம் நீட்டவில்லை. "எனக்கு எழுத்து சரியா வராது. நான் போய் அளந்துட்டு வந்து சொல்லுவேன். அவங்க எழுதிக் குடுப்பாங்க."

நாற்காலியம்மா அந்தச் சீட்டுகளைப் பார்த்தாள். எவ்வளவு அழகான பொய். அவள் செய்த உதவியையே எடுத்து, அவளைத் தனக்கு எழுதிக்கொடுத்த குமாஸ்தாவாக ஆக்கிவிட்டான். யோசித்து, தேய்த்து, மெருகேற்றிக் கொண்டுவந்திருக்கிறான். அறைகளெல்லாம் எப்படி இருந்தன என்று குறுக்குக் கேள்வி கேட்டாலும் மாட்ட மாட்டான், நாற்காலியைப் பூட்டியவன் அவன்தானே. எல்லாம் மனப்பாடமாகத் தெரியும்.

"பதினாலு எடத்துக்கும் நீங்களே போனீங்க?"

"நானேதான் போனேன்."

"அவங்க வரலையா?"

"விலை பேசறப்ப வருவாங்க. மொத மொத போறது நான்."

"இந்தச் சீட்டப் பாருங்க. காலையில பத்து மணின்னு இருக்கு. அன்னிக்கும் போனீங்களா?"

அவன் தேதியைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அது என்ன தேதி என்று அவனுக்குத் தெரிந்தது, அவனுக்குத் தெரிந்தது என்பது நாற்காலியம்மாவுக்கும் தெரிந்தது. சொல்லிவிடுடா என்று மனசுக்குள் கெஞ்சினாள். இந்த ஒரு நாளையாவது விட்டுவிடு. மற்ற பதின்மூன்றையும் நீயே எடுத்துக்கொள், நான் கேஸைக்கூட விட்டுவிட்டுப் போகிறேன், இந்தக் காலை மட்டும் இருந்தபடியே இருக்கட்டும்.

"போனேன்," என்றான்.

"அன்னிக்கு உங்க மகளுக்கு ஆப்பரேஷன்."

"மனைவி பாத்துக்கிட்டாங்க. எனக்கு வேலை இருந்துச்சு. போனேன்."

கம்பெனி வக்கீல் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தவில்லை. அடுத்து என்ன வரப்போகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அவர் முகத்திலேயே அது எழுதியிருந்தது. தெரிந்தும் தன் சாட்சிக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் கூட்டி வந்திருக்கிறார். பழியை அவன் தலையில் கட்டிவிட்டுக் கம்பெனி கையைக் கழுவிக்கொள்ளும். அது அவனுக்குப் புரியப் போகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு அதில் கொஞ்சமும் சந்தோஷம் இல்லை.

வக்கீலம்மா ஒரு சின்ன ஒலிபெருக்கியை மேசை நடுவில் வைத்து அழுத்தினாள்.

"அக்கா." முதலில் மூச்சு மட்டும் கேட்டது, பின்னால் ஏதோ ஒரு சக்கர வண்டி உருளுகிற சத்தம். "அக்கா, உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. எம் விரலப் புடிச்சுக்கிட்டு விடவே மாட்டேன்னுச்சு பாப்பா. நான்தான் ஒவ்வொரு விரலாப் பிரிச்சு விட்டேன். பயமா இருக்குக்கா." அதற்குப் பிறகு அழுகை. "இன்னிக்கு சீட்டுலயும் எம்பேரைப் போட்டுடுங்க. சம்பளத்த வெட்டிட்டா மருந்துக்கு வழியில்ல. இதனால உங்களுக்கு ஏதாச்சும் வந்துச்சுன்னா நானே வந்து சொல்லிடறேன்க்கா. சத்தியமா நானே வந்து சொல்லிடறேன்."

வக்கீலம்மா நிறுத்தினாள். "இது யார் குரல்?"

அவன் காலையிலிருந்து முதல் முறையாக நாற்காலியம்மாவை நேராகப் பார்த்தான். கண்கள் சிவந்திருந்தன, கீழுதடு நடுங்கியது. நடிப்பு இல்லை. பன்னிரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு அவனுடைய நடிப்பு எது நிஜம் எது என்று தெரியாதா? நிஜமாகவே அவனுக்கு வலித்தது.

"நீங்களாக்கா இதைக் குடுத்தீங்க?" என்றான். "எம்பொண்ணு உள்ள கெடந்தப்ப நான் அழுதது. உங்கள நம்பித்தானே அழுதேன். அதப் போய் இவங்க எல்லாருக்கும் போட்டுக் காட்டிட்டீங்களே."

அந்தப் பெண்ணின் விரல்கள் இயந்திரத்தின் மேல் நின்றன. "இது கேள்விக்குப் பதில் இல்லையே. எடுத்துக்கவா வேண்டாமா?" என்று வக்கீலம்மாவைக் கேட்டாள்.

வக்கீலம்மா நாற்காலியம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

நாற்காலியம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பணத்தை வாங்கிக்கொண்டான், அதிலிருந்தே அவளுக்குக் கடன் கொடுத்தான், குழாயைச் சரிசெய்கிற சாக்கில் வந்து போனைத் தூக்கிப்போகப் பார்த்தான், பெற்ற பிள்ளையின் கட்டிலருகே தான் இல்லவே இல்லை என்று சத்தியத்தின் மேல் பொய் சொன்னான். இத்தனையும் செய்துவிட்டு, துரோகம் செய்தது நீதான் என்று அவளைப் பார்த்து அழுகிறான். அதைவிடக் கொடுமை, தனக்குள்ளேயே ஒரு பாதி ஆமாம் என்று சொல்வது அவளுக்குக் கேட்டது. அந்தப் பாதியையும் அவன்தான் உண்டாக்கிவிட்டுப் போகிறான். அந்த அளவுக்கு அவள் அவனுக்கு அக்காவாக இருந்திருக்கிறாள்.

"எடுத்துக்குங்க," என்றாள் அந்தப் பெண்ணிடம். பிறகு அவனிடம் திரும்பி, "ஆமாங்க சார், நான்தான் குடுத்தேன்," என்றாள்.

அதுவரை தம்பி என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லி அவள் அவனைக் கூப்பிட்டதில்லை. அவன் வாய் திறந்தபடியே இருந்தது, அக்கா என்று மறுபடி சொல்ல வந்து சொல்லாமல் நின்றது. வக்கீலம்மா "இது யார் குரல்?" என்று அதே கேள்வியைத் திரும்பக் கேட்டாள்.

"என்னோடதுதான்," என்றான். அந்தப் பெண் அதையும் எடுத்துக்கொண்டாள்.